கடைவீதிக்கு வேண்டும் ஆங்கிலம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று இச்சபையின்முன் பேசும்படி சங்கத்து அன்பர்கள் அடியேனைப் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். யானோ, கடைவீதியில் பேரம் பேசுதற்கும் தள்ளுபடி அறிதற்கும் வேண்டிய ஆங்கிலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னேன். காரியதரிசியவர்கள் சற்றே திகைத்து, "ஐயா, தாங்கள் தமிழ்ப் பண்டிதராயிற்றே!" என்றார்கள். ஆதலின் அக்கேள்விக்கு விடை கூறிவிட்டே விஷயத்துட் புகுவது முறையாகும்.

அந்நிய மொழிச் சொல் நமது சந்தைக்குப் புதிதன்று. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போகிறது என்கிறோம். இவ்வொரு வாக்கியத்திலே 'ஏலம்' என்னும் சொல் இரு பொருளில் நிற்கிறது. மணப்பொருளாகிய ஏலம் நம் பழைய நூல்களில் வழங்குவது. கூவி விற்றலாகிய ஏலமோ போர்த்துகீசியரிடமிருந்து கடல்வழி வந்து சேர்ந்த சொல். மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியனவும் அவ்வழி வந்தனவே. ரசீது, பாக்கி, வசூல் என்பன முகம்மதிய அரசர் காலத்துக் கச்சேரிகளிலிருந்து வந்தன. பொன்னை நாம் எண்ணுகின்ற 'சவரன்' என்பது இங்கிலாந்து தேசத்துப் பொன் நாணயத்தின் பெயர். அந்நாணயம் ஏறக்குறைய 8 கிராம் எடையும் 22 காரட் மாற்றும் உடையதாதலின், இன்றும் நமக்கு ஒரு சவரன் என்றால் 8 கிராமாக இருக்கிறது. நம்மிடமிருந்தும் சொற்கள் சென்றன. நமது சுருட்டும் கட்டுமரமும் ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே வாணிகம் நடக்குமிடத்தில் சொற்களும் கைமாறும் என்பது வெள்ளிடைமலை. தமிழை விடுத்து ஆங்கிலம் கற்க என்று யான் சொல்லவில்லை. நம் பணத்தின்மேல் எழுதப்பட்டிருக்கும் சொல் எம்மொழியினதாயினும் அதன் பொருளை அறிந்துகொள்க என்றே சொல்கிறேன். 1895ஆம் ஆண்டில் முடிந்த பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரையின் பெயரை நம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குகிறோம். நன்மை செய்தது வேற்றுமொழிப் பெயராயினும் அதனை ஏற்கும் மனம் நமக்கு உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

நிற்க. இவ்விஷயத்தில் எனக்குக் கருத்து உண்டானதன் காரணத்தை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

என் தமக்கையார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, விடியற்காலையில் ஜீப்பு ஏறி மலைமேல் சென்று ஏலத் தோட்டத்தில் காய் பறித்துப் பொழுது சாய வீடு திரும்புகிறவர். நம் ஊர்களில் எத்தனை தாய்மார்கள் அவ்வாறு செல்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வம்மையார் தம் மகளின் விவாகத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு 5 சவரனில் ஓர் அட்டிகை வாங்க நினைத்து, தாய்மாமனாகிய என்னையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு நகரத்து நகைக்கடைக்குச் சென்றார். கடையார் மரியாதையாக உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார்கள். நகை தெரிந்தெடுக்கப்பட்டது. பின்னர் ஒரு கணக்குச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் எடை, அன்றைய விலை, வரி என்பவற்றோடு 'வி.ஏ. 14' என்று ஒரு வரி இருந்தது. தமக்கையார் அச்சீட்டை என் கையில் கொடுத்து, "தம்பி, நீ படித்தவன், பார்த்துச் சொல்" என்றார்.

சகோதரர்களே, எனக்கு அவ்விரண்டு எழுத்தின் பொருள் தெரியாது. அரசாங்கத்து வரிகளில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டுவிடலாம் என்று நா எழுந்தது. ஆயினும் ஆசிரியனாகிய நான் அந்தச் சிறு பையன்முன் தெரியாது என்று ஒப்புக்கொள்வதா என்னும் நாணம் அந்நாவை அடக்கிவிட்டது. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று தலையை அசைத்தேன். பணம் செலுத்தப்பட்டது.

நகையைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும்வரையில் காத்திருந்தபோது, அடுத்த இருக்கையில் ஒரு பெண், என் மாணவியர் வயதினள், தன் தாயோடு உட்கார்ந்து ஏறக்குறைய அதேபோன்றதொரு நகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சீட்டை வாங்கிப் பார்த்து, வெகு சாதாரணமாக, "வி.ஏ. 14 அதிகமாயிருக்கிறது, குறைத்துக் கொடுங்கள், இல்லாவிடில் வேறு கடை பார்க்கிறோம்" என்றாள். விற்பனையாளர் உள்ளே சென்று மேலாளரைக் கேட்டுவந்து 9 ஆக்கிக் கொடுத்தார். வி.ஏ. என்பது 'வேல்யூ அடிஷன்' என்பதன் சுருக்கமாம். நம் பெரியோர் சேதாரம் என்றும் செய்கூலி என்றும் சொல்லிவந்தவற்றை ஒன்றாக்கிச் சதவீதத்தில் எழுதும் பெயராம். பேசிக் குறைக்கக்கூடிய இனம் அச்சீட்டில் அது ஒன்றே!

40 கிராமுக்கு 14 சதவீதம் என்பது 5.6 கிராம், 9 சதவீதம் என்பது 3.6 கிராம். வித்தியாசம் 2 கிராம். அதாவது கால் சவரன். அக்கடையார் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. எழுதியே கொடுத்தார்கள். கேட்கத் தவறியவன் நான். என் தமக்கையார் எத்தனை நாள் மழையிலும் பனியிலும் நின்று பறித்த கூலி அந்தக் கால் சவரன் என்று எண்ணுந்தோறும் இன்றும் என் நெஞ்சு சுடுகிறது. அவரிடம் இதனைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அன்று முதல், கடைகளிலும் சீட்டுகளிலும் பொட்டலங்களிலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பொருளறிந்து குறித்துவைக்கலானேன். அவற்றுள் இன்றியமையாத சிலவற்றையே ஈண்டுக் கூறுகிறேன்.

முதலாவது, 'மேக்ஸிமம்' என்னும் சொல். மிகுதியின் எல்லை என்பது இதன் பொருள். நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களுள் எல்லை என்பதும் ஒன்று. இச்சொல் அவ்வெல்லைப் பொருளை உடையது. பொட்டலப் பண்டங்களின்மேல் எம்.ஆர்.பி. என்று அச்சிட்டிருப்பது 'மேக்ஸிமம் ரீடெயில் பிரைஸ்', அதாவது அதிகபட்சச் சில்லறை விலை என்பதாம். எல்லா வரியும் இதனுள் அடக்கம். இதற்குமேல் ஒரு காசு வாங்குவதும் குற்றம் என்று 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011ஆம் ஆண்டில் வந்த பொட்டலப் பண்ட விதிகளும் கூறுகின்றன. குளிர்ச்சி செய்து தருவதற்கென்று 2 ரூபாய் சேர்த்துக் கேட்கும் கடைக்காரரிடம், "இதற்குமேல் வாங்கக் கூடாது" என்று அமைதியாகச் சொல்லலாம். அவர் கேளாராயின் நம் மாநிலத்தில் இச்சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறையாருக்கு எழுதலாம்.

இஃது ஒரு பக்கம். மற்றொரு பக்கம் இதனினும் முக்கியமானது. நம்மவர் எம்.ஆர்.பி.யையே விலை என்று எண்ணிவிடுகிறார்கள். அது விலையன்று, விலையின் மேல் வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். எவ்வளவுக்கு வேண்டுமானாலும் கேட்கலாம். மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம், குக்கர் முதலியவற்றில் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கும் கடைகளில் விற்கும் விலைக்கும் பெரும்பாலும் நல்ல இடைவெளி இருக்கும். அவ்வாறிருக்க, பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "போட்டிருக்கிறதே, இனி என்ன பேச" என்று பணத்தை எடுத்து வைப்பது அறியாமையாகும்.

இச்சொல்லே நம்மை விற்பவராக இருக்கும்போதும் ஏமாற்றுகிறது. போடியிலும் இடுக்கி ஜில்லாப் புற்றடியிலும் வாசனைப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் கணினி மூலம் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலையைப் பத்திரிகைகளில் காண்கிறோம். அதில் 'மேக்ஸிமம்' என்று ஒரு விலையும் 'ஆவரேஜ்' என்று ஒரு விலையும் இருக்கும். முன்னது, அன்று வந்த சரக்கெல்லாவற்றிலும் பருமனும் நிறமும் எடையும் சிறந்த ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை, பின்னது சராசரி. சிறு தோட்டக்காரர் உச்ச விலையைப் படித்துவிட்டுக் கடன் வாங்குகிறார். தம் சரக்குக்குச் சராசரியும் கிட்டாதபோது மனம் உடைகிறார். வாங்கும்போது உச்ச விலையை உண்மை விலை என்று கொண்டு நஷ்டமடைகிறோம்; விற்கும்போதும் உச்ச விலையை உண்மை விலை என்று கொண்டு ஏமாறுகிறோம். ஒரு சொல்லின் பொருளை அறியாமையால் வரும் கேடு இருபுறமும் கூர்மையுடைத்து.

இரண்டாவது, 'அப் டு' என்னும் தொடர். இதுவும் எல்லைப் பொருளதே. ஆடி மாதத்தில் சுபகாரியங்கள் குறைவாதலின் ஜவுளிக்கடைகளில் வியாபாரம் மந்தமாகும். தேங்கிய சரக்கைத் தீர்க்கும்பொருட்டு எழுந்ததே ஆடித் தள்ளுபடி. அக்காலத்தில் கடைவாயிலில் 50 என்ற எண்ணை ஆள் உயரத்துக்கு எழுதி, அதன் தலைமாட்டில் எறும்பு ஊர்ந்தாற்போல் 'அப் டு' என்று எழுதியிருப்பார்கள். '50 சதவீதம் வரை' என்பது அதன் பொருள். ஒரு மூலையில் கிடக்கும் பத்துப் புடவைக்கு 50 சதவீதமும் மற்றவற்றுக்கெல்லாம் 5 சதவீதமும் குறைத்தாலும் அவ்விளம்பரம் பொய்யாகாது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகக் குறைப்பதாயின் 'ஃபிளாட்' என்று எழுதுவார்கள். ஆகவே வாயிலில் நின்று எண்ணைப் பார்ப்பதற்குமுன், அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் தீபாவளிக்குக் கைத்தறித் துணிகளின்மேல் தரும் 30 சதவீதத் தள்ளுபடியை ஆங்கிலத்தில் 'ரிபேட்' என்பார்கள். அதுவும் தள்ளுபடியே.

மூன்றாவது, கூட்டற்குறி. '50 + 20' என்று எழுதியிருந்தால் நம் பிள்ளைகள் 70 என்பார்கள். அப்படியன்று. 1,000 ரூபாய்ப் பண்டத்துக்கு முதலில் 50 சதவீதம் கழித்தால் 500. அந்த 500இல் 20 சதவீதம் கழித்தால் 400. ஆகக் கழிவு 60 சதவீதமே. 'பை டூ கெட் ஒன்' என்றால் இரண்டு வாங்கினால் ஒன்று இனாம். மூன்று பண்டத்தை இரண்டின் விலைக்குக் கொடுப்பதாதலின் கழிவு மூன்றில் ஒரு பங்கு. அதிலும், இனாமாக வருவது மூன்றனுள் விலை குறைந்ததே என்று சிறிய எழுத்தில் இருத்தல் கூடும். 'கண்டிஷன்ஸ் அப்ளை' என்பது 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதாம். அச்சொல்லைக் கண்டவுடன், "என்ன நிபந்தனை?" என்று வாய் திறந்து கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாத பண்டம் 90 சதவீதத் தள்ளுபடியில் கிடைத்தாலும் அது நஷ்டமே என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, 'யூனிட் சேல் பிரைஸ்'. மேற்சொன்ன விதிகளில் 2021ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தால், பொட்டலத்தின்மேல் ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ இவ்வளவு விலை என்றும் அச்சிட வேண்டியதாயிற்று. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பது ஒரு நம்பிக்கையே. இரண்டு பொட்டலத்தையும் அருகருகே வைத்து அவ்வெண்களை ஒப்புநோக்கினால் உண்மை விளங்கிவிடும். வீட்டுக்கு மளிகை வாங்கும் தாய்மார்களுக்கு இதனினும் பயனுடைய ஆங்கிலத் தொடர் வேறொன்றுமில்லை.

ஐந்தாவது, பொன் வாங்குமிடத்துச் சொற்கள். வி.ஏ. என்பதனைச் சொன்னேன். 'கிராஸ் வெயிட்' என்பது கல் முதலியன உட்பட்ட மொத்த எடை. 'நெட் வெயிட்' என்பது அவற்றை நீக்கிய பொன் எடை. பொன் விலையும் சேதாரமும் நெட் எடைக்கே போடப்பட வேண்டும். 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட். இந்தியத் தர அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யூ.ஐ.டி. குறியீடும் நகையில் இருத்தல் வேண்டும். ஹால்மார்க் நகைகளுக்கு இக்குறியீடு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கட்டாயமாயிற்று. 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைபேசிச் செயலியில் அக்குறியீட்டைத் தட்டினால் நகையின் மாற்று தெரியவரும். பொன் நகைக்கு ஜி.எஸ்.டி. வரி 3 சதவீதம். வரியைக் குறைக்கும்படி கேட்பதில் பயனில்லை. "பில் இல்லாமல் வாங்கினால் வரி இல்லை" என்பவரை நம்புவதோ பெருந்தீங்கு. வி.ஏ.யைக் குறைக்கும்படி கேட்பது மட்டும் நம் உரிமை.

இனி, கேட்கும் முறையைச் சொல்கிறேன். இரத்தலில் மூவகைச் சொல் உண்டு என்று நம் தொல்காப்பியனார் வகுத்திருக்கிறார். தாழ்ந்தோன் 'ஈ' என்பான். ஒத்தோன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். கேட்கும் சொல்லிலேயே கேட்பவனுடைய நிலை தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் இந்நுட்பம் உண்டு. நாம் விகுதியில் மரியாதை வைக்கிறோம். அவர்கள் துணைவினையை இறந்தகால வடிவத்தில் அமைத்து, கேள்வியாக்கி மரியாதை வைக்கிறார்கள். 'கிவ் டிஸ்கவுண்ட்' என்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றினும், அவர்கள் செவிக்குக் 'கொடு' என்பதுபோல ஒலிக்கும். 'குட் யூ கிவ் மீ எ டிஸ்கவுண்ட்?' என்பது 'தள்ளுபடி தருவீர்களா?' என்பதுபோல இனிமையாக இருக்கும். கடைவீதிக்கு இந்த ஆறு வாக்கியங்கள் போதும்.

'ஹௌ மச் இஸ் திஸ்?' - இதன் விலை என்ன?

'இஸ் தி பிரைஸ் ஃபிக்ஸ்ட்?' - விலை ஒரே விலைதானா?

'குட் யூ டூ எ லிட்டில் பெட்டர்?' - சற்றுப் பார்த்துச் சொல்லக்கூடாதா?

'வாட் இஸ் யுவர் பெஸ்ட் பிரைஸ்?' - முடிவாக என்ன சொல்கிறீர்கள்?

'டஸ் தட் இன்க்ளூட் டாக்ஸ்?' - வரியும் சேர்த்தா?

'தேங்க் யூ, ஐ வில் திங்க் அபௌட் இட்.' - நன்றி, யோசித்துச் சொல்கிறேன்.

இவ்வாறனுள் கடைசியே தலைசிறந்தது. தேனிச் சந்தையில் நம் பாட்டிமார் கூடையைக் கீழே வைத்துவிட்டு நாலடி நடப்பார்கள். பின்னாலிருந்து "அம்மா, வாங்க" என்று குரல் வரும். அந்த நாலடி நடையின் ஆங்கில மொழிபெயர்ப்பே 'ஐ வில் திங்க் அபௌட் இட்' என்பது. கோபமும் இல்லை, இழிவும் இல்லை, வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரு சொல்லை மட்டும் தவிர்க்க. மலிவு என்பதற்கு 'சீப்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குத் தரங்குறைந்தது என்னும் நிழற்பொருளும் உண்டு. விற்கும்போது நம் சரக்கையே 'வெரி சீப்' என்று புகழ்ந்தால், நாமே அதனைத் தாழ்த்தினவராவோம். 'ரீஸனபிள்' அல்லது 'குட் பிரைஸ்' என்க.

விற்பதைப் பற்றிச் சொன்னேன். நம் பள்ளத்தாக்கிற்கு அது பெரிதும் வேண்டுவது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நமது கம்பம் பன்னீர்த் திராட்சையைச் சாலையோரத்தில் வைத்து விற்கும் பெண்டிர் எத்தனை பேர்! லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி, அப்பால் தேக்கடி. அங்கே வாசனைப் பொருள் விற்கும் கடைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். வடநாட்டாரும் வெளிநாட்டாரும் வருகிறார்கள். 'இஸ் இட் ஸீட்லெஸ்?' என்று கேட்டால், விதை இல்லாததா என்பது பொருள். பன்னீர்த் திராட்சைக்கு விதை உண்டு. விற்பனை போய்விடுமோ என்று அஞ்சி 'யெஸ்' என்று தலையாட்டினால், ஒரு பழத்தைக் கடித்தவுடன் நம் வார்த்தையின் மதிப்பே போய்விடும். 'இட் ஹாஸ் ஸீட்ஸ், பட் இட் இஸ் வெரி ஸ்வீட். ப்ளீஸ் டேஸ்ட்' என்று சொல்லி ஒரு பழத்தைக் கையில் கொடுத்தால், அதற்கு மேல் பேச்சு வேண்டுவதில்லை. மற்றொன்று: 'ஃபிஃப்டீன்' என்பது 15, 'ஃபிஃப்டி' என்பது 50. இவை காதில் மயங்கும். எண்ணைக் கைபேசியில் எழுதிக் காட்டிவிடுக. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டை மேலே போட்டுக் கைவிரலைப் பிடித்து விலை பேசிய தரகர்கள் வாயை நம்பாமல் விரலை நம்பியது போலவே இதுவும்.

'போணி' என்பதற்கும் 'கொசுறு' என்பதற்கும் நேரான ஆங்கிலச் சொல்லை யான் தேடிப் பார்த்தேன்; நம் பொருள் முழுதும் அடங்கிய ஒன்று கிட்டவில்லை. 'ஃபர்ஸ்ட் ஸேல்' என்றால் போணியின் மங்கலம் அதில் இல்லை. 'எக்ஸ்ட்ரா' என்றால் கொசுறின் அன்பு அதில் இல்லை. கறிவேப்பிலைக் கொத்தை இனாமாகப் பையில் போடும் கையை எம்மொழியில் பெயர்ப்பது?

அடுத்தது பில். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பண்டத்துக்குப் பில் கொடாமையை முறையற்ற வணிகம் என்கிறது. 'கூட்ஸ் ஒன்ஸ் சோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்பது அதன் பொருள். மனம் மாறிக் கொண்டுபோனால் அவர்கள் மறுக்கலாம். பண்டம் பழுதுடையதாயின் அவ்வாறு மறுத்தல் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறியாவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அச்சட்டப்படி முறையற்ற வணிகமே. 'ரீஃபண்ட்' என்றால் பணம் திரும்பத் தருதல். 'எக்ஸ்சேஞ்ச்' என்றால் மாற்றுப் பண்டம் தருதல். இரண்டும் ஒன்றல்ல. வழக்கு உண்டாயின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிடில் ஜில்லா நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

இளைஞர்கள் கைபேசியில் வாங்குகிறார்கள். அங்கே கடைக்காரர் முகம் தெரியாததால் சொல்லே கடைக்காரர். 'ஒன்லி டூ லெஃப்ட்' என்று அவசரப்படுத்துவதும், கேளாத பண்டத்தைக் கூடையில் சேர்த்துவிடுவதும், கடைசி நேரத்தில் புதிய கட்டணத்தைக் காட்டுவதும் போன்ற 13 வகைச் சூழ்ச்சிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பட்டியலிட்டுத் தடைசெய்தது. பணம் செலுத்துமுன் இறுதித் தொகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் பாதி மோசம் போகாமல் தப்பலாம்.

இறுதியாக ஒரு வார்த்தை. பேரம் என்பது சாமர்த்தியமன்று; இரு திறத்தாருக்கும் கட்டுபடியாகும் இடத்தைக் காண்பது. வாணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பதை வள்ளுவர் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். விற்பவனுக்குச் சொன்ன அந்நடுவு நிலைமை வாங்குபவனுக்கும் உரியதன்றோ? குளிரூட்டிய மாளிகையில் சீட்டைக்கூடப் படியாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து கீரை விற்கும் கிழவியிடம் 2 ரூபாய்க்கு வாதாடுகிறோம். யான் இன்று சொன்ன சொற்களையெல்லாம் கற்றபின் அவற்றை அம்மாளிகையில் உபயோகியுங்கள். அக்கிழவியிடம் தமிழில் நலம் விசாரித்துவிட்டுக் கேட்ட காசைக் கொடுங்கள். அவள் கொசுறு போடாமல் விடமாட்டாள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கக் கட்டிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை அதனைத் திறந்துவைத்தால், ஊதியம் எதுவும் இன்றி யான் வந்து இவ்விஷயங்களைச் சொல்லித்தரச் சித்தமாயிருக்கிறேன். புத்தகம் வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டில் கிடக்கும் ஒரு பழைய பில்லைக் கொண்டுவந்தாற் போதும். அதுவே நம் பாடநூல். கல்லூரியிற் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் உடனிருந்து, எனக்குத் தெரியாததை எனக்கும் சொல்லித்தரட்டும். அன்று நகைக்கடையில் எனக்குப் பாடம் சொன்னவள் அவர்கள் போன்ற ஒரு பெண்ணே அல்லவா?

என் தமக்கையாரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, "தெரியாது என்று நீ சொல்லியிருந்தால், நானே கேட்டிருப்பேனே தம்பி" என்றார். எழுத்தறியாத அவ்வம்மையார் கேட்கத் தயங்கியிருக்கமாட்டார். எழுத்தறிந்த நான் தயங்கினேன். ஆதலின், இன்று யான் சொன்ன ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் உங்களுக்கு மறந்துபோயினும் குற்றமில்லை. "இதற்கு என்ன அர்த்தம்?" என்னும் ஒரு கேள்வியை மட்டும் மறவாதீர்கள். அதனைத் தமிழிலேயே கேட்கலாம்.